வீட்டுக்கு ஸ்டீம் ஓவன் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையலறை அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஸ்டீம் ஓவன் பற்றிய சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் என்னிடம் வருகின்றன. விலை அதிகமான பொருள் இது. அலமாரிக்குள் பதித்துவிட்டால் மாற்றுவதும் எளிதல்ல. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் நம் சாப்பாட்டையும், நம் ஊர்த் தண்ணீரையும் மின்சாரத்தையும் மனத்தில் வைத்து எழுதியவை.

ஸ்டீம் ஓவன் என்றால் என்ன? மைக்ரோவேவ் போலத்தானா?

இல்லை. மைக்ரோவேவ் அலைகள் உணவிலுள்ள நீரை நேரடியாகச் சூடாக்குகின்றன. ஸ்டீம் ஓவனில் ஒரு சிறு தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவியாகி, அந்த ஆவி பெட்டிக்குள் நிறைந்து உணவை வேகவைக்கிறது. இட்லிப் பானைக்குள் நடப்பதும் இதுவேதான். வெப்பநிலையை நாம் குறித்துக் கொடுக்கலாம் என்பதும், நேரம் முடிந்ததும் தானாக அணைந்துவிடும் என்பதும்தான் கூடுதல்.

200 டிகிரி வறண்ட காற்றைவிட 100 டிகிரி ஆவி காய்கறியை வேகமாக வேகவைக்கும். 1 கிராம் ஆவி உணவின் மேல் பட்டு நீராக மாறும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை விட்டுவிட்டுப் போகிறது. சூடான காற்றால் அவ்வளவு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது.

இட்லிப் பானையும் குக்கரும் இருக்கின்றன. இது எதற்கு?

வாரத்தில் இரண்டு நாள் இட்லி, மற்ற நாளெல்லாம் சோறு, குழம்பு, பொரியல் என்றால் உங்களுக்கு இது தேவையில்லை. வாங்கும் எண்ணத்தோடு வருபவர்களிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பயன் வேறு மாதிரியான வீடுகளில் தெரிகிறது. ஒரே நேரத்தில் காய்கறி, மீன், சோறு மூன்றையும் மூன்று தட்டுகளில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியவர்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் தனித்தனியாக அவித்துக் கொடுக்கும் வீடுகள். அடிக்கடி ரொட்டி சுடுபவர்கள். ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றையும் பிரியாணியையும் வறண்டுபோகாமல் சூடாக்க நினைப்பவர்கள். கடைசியாகச் சொன்ன வேலையில் ஸ்டீம் ஓவனுக்கு நிகராக வீட்டில் வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து. மைக்ரோவேவில் ஓரம் காய்ந்து நடுவில் குளிர்ந்திருக்கும் சோறு, ஆவியில் அன்று வடித்ததுபோல் திரும்பக் கிடைக்கும்.

கடையில் பல வகை காட்டுகிறார்கள். எதில் என்ன வித்தியாசம்?

முதல் வகை, ஆவி மட்டும் தருவது. பெரும்பாலும் 40 முதல் 100 டிகிரி வரை. அவிக்கலாம், சூடாக்கலாம், சிவக்க வைக்க முடியாது. இரண்டாவது காம்பி வகை. ஆவியும் வெப்பக்காற்றும் தனித்தனியாகவும் சேர்ந்தும் வரும். 225, 230 டிகிரி வரை போகும். மூன்றாவது, வழக்கமான ஓவனில் இடையிடையே கொஞ்சம் ஆவியைச் சேர்க்கும் வகை. ரொட்டிக்கும் வறுவலுக்கும் இது உதவும், இட்லி வேகாது. இந்த மூன்றாவதை வாங்கிவிட்டு இட்லித் தட்டோடு திகைப்பவர்கள் அதிகம். வாங்குமுன் விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: '100 டிகிரியில் முழு ஆவியில் அரை மணி நேரம் ஓடுமா?'

இடமும் பணமும் இருந்தால் காம்பி வாங்குங்கள். ஓ.டி.ஜி. (ரொட்டி, கேக் சுடும் சிறு மின் ஓவன்) ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் ஆவி மட்டும் தரும் வகையே போதும். பதிக்கும் வகைகள் பெரும்பாலும் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். மேடைமேல் வைப்பவை அதைவிட மிகக் குறைவு, ஆனால் உள்ளளவும் சிறியது.

எங்கள் மைக்ரோவேவிலேயே 'ஸ்டீம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே?

அது இரண்டில் ஒன்றாக இருக்கும். மூடியுள்ள பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை மைக்ரோவேவ் கொதிக்க வைத்து மேல்தட்டில் உள்ளதை அவிப்பது ஒன்று. கொஞ்சம் காய்கறிக்கு அது போதும். இன்னொன்று, உட்புறக் கறையை இளக்கும் 'ஸ்டீம் கிளீன்'. அதற்கும் சமையலுக்கும் சம்பந்தமில்லை. எடுத்து நிரப்பும் தண்ணீர்த் தொட்டியும், மைக்ரோவேவை இயக்காமலே ஆவி உண்டாக்கும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால்தான் அது ஸ்டீம் ஓவன்.

ஒரே ஈட்டில் 16 இட்லி வேகுமா?

வேகும், உங்கள் தட்டு உள்ளே நுழைந்தால். 45 சென்டிமீட்டர் உயரமுள்ள பதிக்கும் வகைகளில், தட்டுகளைத் தாங்கும் கம்பிகள் போக மிச்சமுள்ள இடம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. நான்கு அடுக்கு இட்லி ஸ்டாண்டின் தண்டு மேலே இடிக்கும். கடைக்குப் போகும்போது வீட்டு இட்லித் தட்டையும் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

தண்டிலிருந்து தட்டுகளைக் கழற்றி, துளையிட்ட ட்ரேயில் இரண்டு நிலைகளில் வைப்பதே நல்லது. 100 டிகிரி முழு ஆவியில் 10 முதல் 12 நிமிடம். இட்லிப் பானையின் மூடி கவிந்திருப்பதால் ஆவி நீர் ஓரமாக வழிந்துவிடும். ஓவனின் கூரை தட்டையாக இருந்தால் சொட்டு நேராக இட்லியின் மேல் விழுந்து, நடுவில் குழி விழுந்து பிசுபிசுக்கும். மேல்நிலையில் ஒரு வெறும் தட்டை வைத்து மறைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

துவரம் பருப்பு எவ்வளவு நேரத்தில் வேகும்?

இதில் குக்கரை மிஞ்ச முடியாது. குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் வெப்பம் 120 டிகிரியைத் தொடுகிறது. வீட்டு ஸ்டீம் ஓவனில் அழுத்தம் கிடையாது, அதனால் ஆவி 100 டிகிரிதான். ஊறவைத்த துவரம் பருப்புக்கும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். கொண்டைக்கடலை, ஆட்டிறைச்சி எல்லாம் குக்கரிலேயே இருக்கட்டும். ஸ்டீம் ஓவன் வந்துவிட்டது என்று குக்கரைப் பரணில் போடாதீர்கள்.

புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை?

இடியாப்பமும் கொழுக்கட்டையும் அருமையாக வரும். பிள்ளையார் சதுர்த்தியன்று இரண்டு ட்ரே நிறையக் கொழுக்கட்டையை ஒரே தடவையில் எடுத்துவிடலாம். வாழையிலையில் மடித்த மீனும் அப்படித்தான்.

புட்டு மட்டும் வேறு கதை. புட்டுக் குழாயில் கீழிருந்து வரும் ஆவிக்கு மாவின் ஊடாக மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. ஓவனுக்குள் ஆவி சுற்றிலும் நிற்கிறதே தவிர எதையும் துளைத்துக்கொண்டு போவதில்லை. குழாயை உள்ளே வைத்தால் நடுமாவு பச்சையாக இருக்கும். துளையிட்ட ட்ரேயில் ஈரத் துணி விரித்து, மாவை மெல்லிய படலமாகத் தூவினால் நன்றாக வேகும். குழல் வடிவம்தான் கிடைக்காது.

எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். அதை ஊற்றலாமா?

எல்லாரும் கடைசியில் கேட்கும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். எத்தனை மெனு, எவ்வளவு பெரிய திரை என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். தண்ணீர் ஆவியாகும்போது அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பின்தங்கிப் படிகின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது இதுதான். ஸ்டீம் ஓவனில் அது ஆவி உண்டாக்கும் கருவிக்குள்ளும் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். கவனிக்காமல் விட்டால் கருவியே அடைத்துக்கொள்ளும்.

ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரப்படி குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை விடலாம். அந்த 600 குடிப்பதற்கான எல்லை. இந்தக் கருவிக்கு அது மிக அதிகம். ஐரோப்பியக் கையேடுகளில் கடினத்தன்மையை ஜெர்மன் டிகிரியில் கொடுத்திருப்பார்கள். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். உங்கள் நீர்ப் பரிசோதனை அறிக்கை 360 என்றால் அது ஏறக்குறைய 20 டிகிரி, கடினமான நீர். முதல் நாளிலேயே இந்த எண்ணை ஓவனின் அமைப்பில் பதிய வேண்டும். எப்போது படிவு நீக்கச் சொல்ல வேண்டும் என்பதை ஓவன் அதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. பொருத்த வருபவர் பெரும்பாலும் இதைச் செய்யாமல் போய்விடுவார். நீங்களே கேட்டுச் செய்யவையுங்கள்.

கடலோரப் போர்வெல்களில் இன்னொரு கெடுதல் குளோரைடு. அது எவர்சில்வரையே புள்ளி புள்ளியாக அரிக்கும். உப்புக் கரிக்கும் தண்ணீரை எந்த மாடலிலும் ஊற்ற வேண்டாம்.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் பிரச்சினை தீர்ந்ததா?

பெரும்பாலும் தீரும், ஆனால் கையேட்டைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சில மாடல்கள் நீரின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொட்டியில் நீர் இருப்பதை அறிகின்றன. தாது உப்பே இல்லாத வடித்த நீரை ஊற்றினால் தொட்டி நிறைந்திருந்தும் 'நீர் இல்லை' என்று நின்றுவிடும். வீட்டு ஆர்.ஓ. நீரில் கொஞ்சமாவது உப்பு எஞ்சியிருப்பதால் பல மாடல்களில் அது ஓடிவிடுகிறது. வாங்குமுன் இதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. தொட்டி 1 முதல் 1.5 லிட்டர்தான் கொள்ளும் என்பதால் கேன் தண்ணீரும் கட்டுப்படியாகும்.

படிவு நீக்குவது கஷ்டமா? வினிகர் போதுமா?

கஷ்டமில்லை. தொட்டியில் படிவு நீக்கியைக் கரைத்து ஊற்றி, அதற்கான நிரலை ஓட்டி, பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அரை மணிக்கு மேல் ஆகும். நிறுவனம் சொல்லும் மாத்திரையோ திரவமோ நம் ஊரில் கிடைக்கிறதா என்பதை வாங்கும்போதே விசாரியுங்கள். வினிகர் ரப்பர் பட்டைகளைக் கெடுக்கக்கூடும், வாடையும் போகாது. கையேடு அனுமதித்தால் தவிர வேண்டாம். எச்சரிக்கையைத் தொடர்ந்து தள்ளிப்போட்டால் பல மாடல்கள் ஆவியையே பூட்டிவிடும்.

தினசரி வேலை இதைவிட முக்கியம். சமைத்து முடித்ததும் உள்ளே தேங்கிய நீரைத் துடைத்து, தொட்டியைக் காலி செய்து, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஈரக்காற்று ஊர்களில் மூடியே வைத்தால் பூஞ்சை வாடை வந்துவிடும். இந்த இரண்டு நிமிட வேலைக்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் வாங்கும் யோசனையைத் தள்ளிவையுங்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

ஆவி மட்டும் தரும் வகைகள் பெரும்பாலும் 2,000 வாட்டுக்குள் இருக்கும். 2,000 வாட் அரை மணி நேரம் முழு வீச்சில் ஓடினால் 1 யூனிட். வெப்பநிலை எட்டியதும் அது விட்டுவிட்டுத்தான் இயங்கும் என்பதால், ஓர் ஈடு இட்லிக்கு அரை யூனிட் அளவில் வைத்துக்கொள்ளலாம். காம்பியில் 220 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுவதுதான் செலவு. இரண்டு மாதக் கணக்கில் நீங்கள் எந்தக் கட்டணப் படியில் (ஸ்லாப்) நிற்கிறீர்கள் என்று பாருங்கள். அடுத்த படிக்கு நெருங்கி நிற்பவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

சாதாரண ப்ளக்கில் மாட்டலாமா? இன்வெர்ட்டரில் ஓடுமா?

6 ஆம்பியர் ப்ளக்கில் வேண்டவே வேண்டாம். காம்பி வகைகள் 3,000 வாட்டைத் தாண்டும். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் ப்ளக் தாங்கக்கூடியது 3,680 வாட். எனவே தனி ஒயர், தனி எம்.சி.பி. (மிகை மின்னோட்டத்தில் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த் மூன்றும் வேண்டும். அதே ப்ளக்கிலிருந்து கிரைண்டருக்கும் கெட்டிலுக்கும் கிளை எடுக்கக் கூடாது. வாடகை வீடு என்றால் ஒயரிங் செலவை யார் ஏற்பது என்பதை முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது. மின்சாரம் போனால் ஓவனைத் திறக்காமல் விடுங்கள். உள்ளேயிருக்கும் சூட்டில் கொஞ்ச நேரம் வெந்துகொண்டிருக்கும்.

எங்கே பொருத்துவது நல்லது?

கதவைத் திறந்ததும் ஆவி முகத்துக்கு வரும். ஆவி பட்ட காயம் வெந்நீர்க் காயத்தைவிட மோசமானது. முதல் பதிலில் சொன்ன 540 கலோரி தோலின் மேலும் இறங்கும். ஆகவே மேல் ட்ரே, சமைப்பவரின் தோளைவிடக் கீழே இருக்க வேண்டும். வீட்டில் உயரம் குறைந்தவர் யாரோ, அவரை நிற்கவைத்து அளவு எடுங்கள். திறக்கும்போது பக்கவாட்டில் நின்று, கதவை முதலில் ஒரு விரல் அளவு திறந்து, ஆவி வெளியேறிய பிறகு முழுதும் திறக்கப் பழகுங்கள்.

ஓவனுக்கு மேலுள்ள அலமாரியின் அடிப்பலகைக்கு ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் போடுங்கள், ஓரங்களையும் சீல் செய்யச் சொல்லுங்கள். சாதாரணப் பலகை ஆவிபட்டு ஊதிவிடும். தொட்டியைக் கதவு திறக்காமலே வெளியிலிருந்து எடுக்கும் மாடல்கள் இருக்கின்றன. நீண்ட நேரச் சமையலின் நடுவில் தண்ணீர் ஊற்ற அதுதான் வசதி. கூடுதல் விலை கொடுக்கத் தகுந்த அம்சம் என்பேன்.

கீழே மீன், மேலே பாயசத்துக்குச் சேமியா. வாடை ஏறாதா?

ஆவி வழியாக வாடை அதிகம் பரவுவதில்லை. சொட்டு வழியாகத்தான் கலக்கும். மீனை எப்போதும் கடைசி நிலையில் வையுங்கள். வீட்டில் சைவம் மட்டும் சாப்பிடுபவர் இருந்தால், வாடை ஏறுமா ஏறாதா என்பதல்ல கேள்வி. அவர் சம்மதமில்லாமல் ஒரே பெட்டியில் இரண்டையும் வைக்கக் கூடாது. கருவாட்டை எந்த நிலையிலும் வைக்காதீர்கள். ரப்பர் பட்டையில் ஏறினால் நாள்கணக்கில் நிற்கும்.

எண்ணெய் இல்லாமல் சமைக்கலாம், சர்க்கரைக்கு நல்லது என்கிறார்களே?

காய்கறியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிக்கும்போது வைட்டமின் சி போன்ற நீரில் கரையும் சத்துகள் நீரோடு போய்விடும். ஆவியில் இழப்பு குறைவு. இது உண்மையான பலன். ஆனால் இட்லிப் பானையில் வேகவைத்த இட்லியும் எண்ணெய் இல்லாததுதான். ஓவன் மாறினால் இட்லியின் மாவுச்சத்து குறைந்துவிடாது. உடல்நலத்துக்காக மட்டும் இவ்வளவு பணம் போடுவதாக இருந்தால், அந்தப் பணத்தில் வருடம் முழுக்க நல்ல காய்கறி வாங்குங்கள்.

இட்லி மாவு புளிக்கவைக்கலாமா? தயிர் தோயுமா?

இரண்டும் நன்றாக வரும். தயிருக்கு 40 டிகிரி. மாவுக்கு 30 டிகிரியை ஒட்டி வைக்க முடிந்தால் சிறப்பு. 40தான் குறைந்தபட்சம் என்றால் சூடு அதிகம். கொஞ்ச நேரம் இயக்கி அணைத்துவிட்டு, அந்த வெதுவெதுப்பில் மூடிவையுங்கள். நம் சமவெளி ஊர்களில் மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் இதற்குத் தேவையே இருக்காது.

நாங்கள் ஊட்டியில் இருக்கிறோம். இங்கே சரிப்படுமா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைவதால், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியும் அவ்வளவுதான். இட்லி வேகும், சில நிமிடம் கூடுதலாக ஆகும். பருப்புக்கு நான் முன்பு சொன்ன நேரத்தை நம்ப வேண்டாம்.

பல மாடல்களில் உயரத்துக்கு ஏற்ப அளவு திருத்தும் வசதி உண்டு. அதைச் செய்யாவிட்டால் ஓவன் எட்டவே முடியாத 100 டிகிரிக்காக ஓயாமல் ஆவியைக் கக்கித் தொட்டியைக் காலி செய்யும். கொடைக்கானலுக்கும் இதே பதில். ஆனால் மாவு புளிக்காத குளிர் ஊர் என்பதால், முந்தைய பதிலில் சொன்ன பயன் உங்களுக்குத்தான் மிகப் பெரியது.

காலையில் உள்ளே வைத்து, மாலை வேலை முடிந்து வரும்போது வெந்திருக்கும்படி டைமர் வைக்கலாமா?

அரிசி, உருளைக்கிழங்கு என்றால் வெயில் இல்லாத நாளில் ஓரிரு மணி நேரம் தள்ளிவைக்கலாம். மீன், இறைச்சி, முட்டை, பால் கலந்தவை கூடாது. மூடிய பெட்டிக்குள் சித்திரை வெயிலில் பகல் முழுக்க இருந்தது பிறகு வெந்தாலும், அதற்குள் உண்டான நச்சு எல்லாம் சூட்டில் அழிந்துவிடாது.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். ராஜ்மாவைக் குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் ஆசை வேண்டாம். பச்சை ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சு 80 டிகிரி போன்ற சூட்டில் முழுதாக அழிவதில்லை. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் வைப்பதே பாதுகாப்பு.

கேக், ரொட்டி, தந்தூரி எல்லாம் வருமா?

காம்பியில் மட்டும். ஈரமான 100 டிகிரியில் எதுவும் சிவக்காது. மேற்பரப்பு காய்ந்து 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். ரொட்டிக்கு முதல் பத்து நிமிடம் ஆவி கொடுத்தால் மேல்தோல் உடனே இறுகாமல் மாவு நன்றாக எழும்பும்; பிறகு ஆவியை நிறுத்தினால் மொறுமொறுப்பு. கோழியை ஆவியும் காற்றும் சேர்த்து வேகவைத்து, கடைசியில் வறண்ட சூட்டில் சிவக்க வைக்கலாம். தந்தூர் அடுப்பின் சூடு இதில் கிடைக்காது.

அம்மா தனியாக இருக்கிறார். அவருக்கு வாங்கித் தரலாமா?

காஸ் அணைக்க மறப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நேரமானால் தானே அணையும், தண்ணீர் தீர்ந்தாலும் தானே நின்றுவிடும், தீ இல்லை. ஆனால் தொடுதிரை முழுக்க ஆங்கிலக் குறிகளாக இருந்தால் அவர் இதைத் தொடவே மாட்டார். திருகும் குமிழ் உள்ள எளிய மாடலாகப் பாருங்கள். அவர் உட்கார்ந்து எழும் உயரத்துக்கு ஏற்றபடி, மேடைமேல் வைக்கும் வகையே நல்லது. படிவு நீக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் செய்துவிட்டு வரலாம்.

வெளிநாடு போகிறவர்கள் பழையதை விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், ஓட்டிப் பார்த்த பிறகு. தொட்டியில் தண்ணீர் நிரப்பி 100 டிகிரி முழு ஆவியில் 20 நிமிடம் ஓட விடுங்கள். கதவைச் சுற்றி எங்காவது ஆவி கசிந்தால் பட்டையை மாற்ற வேண்டும். கண்ணாடி முழுக்க ஆவி படியச் சில நிமிடங்களுக்கு மேல் இழுத்தாலோ, 'கடகட' என்று சத்தம் வந்தாலோ உள்ளே படிவு ஏறியிருக்கிறது. ஆவி உண்டாகும் கிண்ணம் பெட்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியும் மாடல் என்றால் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கருவி பின்பக்கம் மறைந்திருக்கும் மாடல் என்றால், கடைசியாக எப்போது படிவு நீக்கினார்கள், எந்தத் தண்ணீரை ஊற்றினார்கள் என்று கேளுங்கள். அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் உங்கள் ஊருக்கு வருமா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.